மொஸ்கோவ்காவின் நாலாவது எண்

கதை கட்டுகிற சாமர்த்தியம் எனக்கு இருந்திருந்தால், இத்தனை வருஷமாக அடுத்தவன் தாடியைச் சிரைத்துக்கொண்டு நின்றிருக்க மாட்டேன். அதனால் இதை நான் இட்டுக்கட்டியதாக யாரும் சொல்ல வேண்டாம். மாண்டினீக்ரோ மலைகளுக்குள் இருக்கிற நிக்ஷிச் ஊர். அங்கே என் சவரக்கடைக்கும் பக்கத்துக் கடைக்கும் நடுவே ஒரு பலகைச் சுவர். அந்தப் பக்கம் ரதோயே தும்மினால் இந்தப் பக்கம் நான் "நூறு வயசு" என்று வாழ்த்துவேன். அவ்வளவு மெல்லிய சுவர். நடந்ததில் பாதியை நான் காதால் கேட்டேன். மீதியை அவனே என் நாற்காலியில் உட்கார்ந்து சொன்னான். கடைசிப் பங்கை மட்டும் என் கண்ணால் பார்த்தேன். 

ரதோயே பழைய ராணுவத் துப்பாக்கிகளுக்கு விலை மதிப்பவன். பரணில் கிடந்தது, கொள்ளுத்தாத்தா போருக்குக் கொண்டுபோனது, சேகரிக்கிறவர்கள் தேடி அலைவது என்று எதைக் கொண்டுவந்தாலும் அவன் சொன்னதுதான் விலை. 'புரொஃபஸர்' என்று கூப்பிட்டால் உச்சி குளிர்ந்துபோவான். படித்தது என்னவோ பத்தாவதுதான். கறுப்புக் காப்பி குடிக்காமல் துப்பாக்கியைத் தொடமாட்டான். பிறகு அதைப் பச்சைக் கம்பளத்தின் மேல் படுக்க வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, குழலின் முனையிலிருந்து தோளில் வைக்கிற மரக்கட்டையின் அடிவரை விரலால் தடவுவான். வைத்தியன் நாடி பார்க்கிற மாதிரி இருக்கும். அதற்குப் பிறகுதான் கண்ணாடி, விளக்கு, எண்கள்.

எண்கள்தான் எல்லாம். எங்கள் மன்னர் காலத்தில் ருஷ்யாவிலிருந்து கப்பல் கப்பலாக வந்த துப்பாக்கிக்கு எங்கள் ஜனங்கள் வைத்த பெயர் மொஸ்கோவ்கா. அதில் நாலு இடத்தில் ஒரே எண்ணை வெட்டியிருப்பார்கள். குழலில் ஒன்று, தோட்டாப் பெட்டியின் அடியில் ஒன்று, கட்டையின் அடித்தகட்டில் ஒன்று. நாலாவது எண் போல்ட்டில். போல்ட் என்றால் மரையாணி இல்லை. கைப்பிடியோடு முன்னும் பின்னும் ஓடுகிற உருளை. தோட்டாவை உள்ளே தள்ளுவதும் வெடிக்க வைப்பதும் அதுதான். அது இல்லாவிட்டால் துப்பாக்கி வெறும் குழாய். போர்க்காலக் குழப்பத்தில் ஒன்றின் போல்ட் இன்னொன்றுக்குப் போய், நாலும் ஒத்துப்போகிற மொஸ்கோவ்கா அபூர்வமாகிவிட்டது. அப்படி ஒன்றைத் தொட்டுவிட்டுத்தான் சாவேன் என்று ரதோயே சொல்லிக்கொண்டிருப்பான். "என்னை இப்படி ஒரு நாளாவது தடவிப் பார்த்திருக்காரா?" என்று அவன் மனைவி ஸ்லாவ்கா அண்ணி என் கடை வாசலில் நின்று எல்லார் காதிலும் விழக் கேட்பாள்.

அது பிப்ரவரி மாதம். ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம். பனி பொடியாக விழுந்துகொண்டிருந்தது. தலைமுதல் கால்வரை கறுப்பு உடுத்திய ஒரு பெண்மணி, கம்பளியில் சுற்றிய நீளமான பொருளைக் குழந்தையைப் போல அணைத்துக்கொண்டு அவன் கடைக்குள் போனாள். பெயர் க்ரூணா. அறுபது வயதுக்கு மேல் இருக்கும். மேட்டு கிராமத்துக்காரி.

"விலை சொல்றவன் நீதானா தம்பி?"

"நான்தான் அக்கா. உட்காருங்க, காப்பி போடறேன்."

"காப்பி எல்லாம் வேண்டாம். பாதை மூடறதுக்குள்ள பஸ்ஸைப் பிடிக்கணும்."

"காப்பி குடிக்காம என் கடையில எந்தத் துப்பாக்கியும் வாயைத் திறக்காது அக்கா."

குடித்தாள். தம்பி செத்துப் போனதையும், அவனுடைய இரண்டு மகன்களும் பாகம் பிரிப்பதையும் சொன்னாள். ஒருவனுக்குப் புல்வெளி, மற்றவனுக்குத் துப்பாக்கி. இரண்டும் சரிசமமா என்று தெரிய வேண்டும். அதற்கு ஒரு விலை வேண்டும், கையெழுத்தோடு.

ரதோயே கம்பளியைப் பிரித்தான். மொஸ்கோவ்கா. ஆனால் போல்ட் இல்லை. அது இருக்க வேண்டிய பள்ளத்தில் ஓக் மரத்தில் செதுக்கிய ஒரு ஆப்பை இறுக்கியிருந்தார்கள். ஆப்பின் தலையில் கத்தியால் கீறிய சிலுவை. சுற்றிலும் மெழுகு.

"இது என்ன அக்கா, கார்க்கா?"

க்ரூணா சிரிக்கவில்லை. "அது என் தாத்தா கையால வச்சது. அதை எடுக்காதே. இதுல இருந்து ஒண்ணையும் கழட்டாதே, ஒண்ணையும் சேர்க்காதே. இருக்கறபடி என்ன பெறும்னு மட்டும் சொல்லு."

அவன் கண்ணை மூடித் தடவினான். கட்டையின் அடியில் விரல் நின்றது. அடித்தகட்டின் ஒரு முனை தேய்ந்து மழுங்கியிருந்தது. தோளில் சுமந்த துப்பாக்கி அந்த இடத்தில் தேயாது. தோள்வாரிலும் ஒரு வினோதம். நடுவில் ஒரு சாண் நீளம், வியர்வை குடித்துக் கறுத்து, வழவழவென்று இருந்தது.

"இதை யாரோ கல்லுல இழுத்துட்டுப் போயிருக்காங்க. வெகுதூரம்."

அவள் மூன்று விரலைக் கூட்டிச் சிலுவை போட்டுக்கொண்டாள்.  விலை எழுதி முத்திரை வைக்க நேரம் பிடிக்கும் என்றான். தாள் இல்லாமல் அதைத் தூக்கிக்கொண்டு மறுபடி பஸ் ஏற அவளுக்கும் பயம். வெள்ளிக்கிழமை வருவதாகச் சொல்லி எழுந்தாள். வாசலில் திரும்பினாள்.

"சொன்னது ஞாபகம் இருக்கட்டும் தம்பி. சேர்க்காதே."

அவள் தெருமுனையைத் தாண்டியிருக்க மாட்டாள். ரதோயே என் கடைக்குள் ஓடிவந்தான். நான் ஒருவர் முகத்தில் சோப்பு நுரை போட்டுக்கொண்டிருந்தேன்.

"ஒப்ரேன்! அறுபத்தோராயிரத்துத் தொண்ணூத்தி நாலு!"

"என்ன, லாட்டரியா?"

"டேய் சவரக்கத்தி! என் தகர டப்பாவுல இருக்கிற போல்ட்டு! அதே எண்ணுடா! குழல்ல அதே, பெட்டியில அதே, தகட்டுல அதே!"

அந்த போல்ட்டை எனக்கும் தெரியும். பழைய இரும்பு விற்கிற ஷ்செபான் கொடுத்தது. ஷ்செபானுக்கு இடது கையில் இரண்டு விரல் கிடையாது, மரம் அறுக்கிற ரம்பத்துக்குக் கொடுத்துவிட்டான். கட்டைவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் நடுவே சிகரெட்டைப் பிடித்துக்கொண்டு ஒரு திருகாணிக்குக்கூட ஒரு மணி நேரம் பேரம் பேசுகிற ஆள். அந்த போல்ட்டுக்கு மட்டும் பேரமே பேசவில்லை. "எடுத்துட்டுப் போ. ஆனா என்கிட்ட திருப்பிக் கொண்டு வராதே" என்றானாம். அந்தக் குளிர்காலத்திலேயே செத்தும் போனான். அது நடந்து பன்னிரண்டு வருஷம். அன்றுமுதல் ஊருக்குள் வந்த ஒவ்வொரு மொஸ்கோவ்காவின் எண்ணையும் அந்த போல்ட்டோடு ஒப்பிட்டுப் பார்த்து ரதோயே ஏமாந்துகொண்டிருந்தான்.

"இருக்கறபடி நானூறு யூரோ" என்றான், என் கண்ணாடியில் தன் முகத்தையே பார்த்துக்கொண்டு. "நாலும் சேர்ந்தா ஆறாயிரம். வியன்னாவுல கேட்டா ஏழு."

"அந்தம்மா சேர்க்காதேன்னு சொன்னது இங்க வரைக்கும் கேட்டுச்சு."

"ஒரே ஒரு தடவை. பொருந்துதான்னு பார்த்துட்டுக் கழட்டிடுவேன். அந்த ஆப்பையும் இருந்தபடியே வச்சிடுவேன். அவளுக்கு எப்படித் தெரியும்?"

அவன் கண்ணில் பண ஆசை இல்லை, சத்தியமாகச் சொல்கிறேன். பூனைக்குட்டி கேட்டு அடம்பிடிக்கிற பிள்ளையின் கண் அது. அதனால்தான் நானும் தடுக்கவில்லை.

சாயங்காலம் நாலேமுக்கால். தேவாலய மணி அடித்தது. சுவருக்கு அந்தப் பக்கம் மெழுகு உடைகிற சத்தம். ஆப்பு கம்பளத்தில் விழுகிற சத்தம். பிறகு... க்ளிக்.

அவ்வளவு சுலபமாகப் போனதாம். நூறு வருஷத்து இரும்பு, எண்ணெயில் வழுக்குகிற மாதிரி.

"உள்ள இழுத்துக்கிச்சுடா" என்று பிறகு சொன்னான். "நான் தள்ளலை. அது இழுத்துக்கிச்சு."

அரை மணி நேரம் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். பிறகு கழற்றப் பார்த்தான். வரவில்லை. எண்ணெய் விட்டான். சூடு காட்டினான். மரச்சுத்தியால் தட்டினான். அசையவில்லை.

புதன்கிழமை முழுக்க அதோடு மல்லுக்கட்டினான். சாயங்காலம் தேவாலய மணி அடித்து ஓய்ந்தபோது என் கடையில் ஆள் யாரும் இல்லை. நான் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தேன்.

டொக்... ஸ்ர்ர்... டொக்... ஸ்ர்ர்...

சுவருக்கு அந்தப் பக்கம். மரத்தரையில் ஏதோ தட்டுகிறது. பிறகு ஏதோ தேய்கிறது.

"ரதோயே, அலமாரியை நகர்த்தறியா?"

 சத்தம் நின்றது. கொஞ்சம் கழித்து அவனே வந்தான்.

"நீயா தட்டினே?" என்று கேட்டான்.

"நீ தட்டலையா?"

 பெருச்சாளியாக இருக்கும் என்றேன். சிரித்தான். ஆனால் விளக்கை அணைக்கத் தனியாகப் போக மனமில்லாமல் என்னையும் கூட்டிக்கொண்டு போனான். அவன் கடை வாசற்படியிலிருந்து மேஜைப் பக்கமாகத் தரைத் தூசியில் ஒரு தடம் இருந்தது. இரண்டு பக்கமும் வட்ட வட்டமாக அழுத்தின அடையாளம். நடுவில் ஒரு கோடு. பாதி தூரத்தில் நின்றுவிட்டது.

பெருச்சாளிக்கு அவ்வளவு பெரிய முழங்கால் இருக்காது. 

வியாழக்கிழமை அவன் கடையைச் சீக்கிரம் அடைத்திருக்கலாம். வீம்புக்காரன். போல்ட்டைக் கழற்றாமல் எழுந்திருப்பதில்லை என்று உட்கார்ந்திருந்தான்.

மணி அடித்தது.

டொக்... ஸ்ர்ர்... டொக்...

கதவு பூட்டியிருந்தது. தன் கையாலேயே பூட்டியது. ஆனாலும் சத்தம் படியேறி உள்ளே வந்தது. ரதோயே திரும்பிப் பார்த்தான்.

ஒரு ஆள். கையையும் முழங்காலையும் ஊன்றித் தவழ்ந்து வந்துகொண்டிருந்தான். தலை தொங்கியிருந்தது. முகம் தெரியவில்லை. பிடரி மட்டும் தெரிந்தது. கழுத்தில் தோள்வார். அதில் துப்பாக்கி தொங்கியது. ஒவ்வொரு அடிக்கும் அதன் கட்டை தரையில் இடித்தது.

டொக்.

ரதோயே மேஜை மேல் இருந்த துப்பாக்கியைப் பார்த்தான். அங்கேதான் இருந்தது.

டொக்.

அந்த உருவம் ரதோயேயின் காலடிக்கு வந்து நின்றது. நெற்றி தரையில் பட்டது. பூட்ஸுக்குப் பக்கத்தில் ஒரு கை. அதில் இரண்டு விரல் இல்லை.

குரல் வந்தது. மண்ணுக்குள்ளிருந்து வருகிற மாதிரி.

"ஏத்துக்கோ... கடவுள் பேரால... புனித யோவான் பேரால... ஏத்துக்கோ..."

 உதைத்தான். பூட்ஸ் காலால், அந்தத் தலையில், பலங்கொண்ட மட்டும் எட்டி உதைத்தான்.

கத்திக்கொண்டு என் கடைக்குள் வந்து விழுந்தான். நாற்காலியில் உட்கார வைத்துத் திராட்சைச் சாராயம் ஊற்றிக் கொடுத்தேன். 

"உதை ஒண்ணுமேலயும் படலை ஒப்ரேன்... ஆனா கால் சில்லிட்டுப் போச்சு. இன்னும் சில்லுனு இருக்கு."

வியர்வையைத் துடைத்துவிடலாம் என்று அவன் சட்டைக் காலரை இறக்கினேன். பிடரியில் ஒரு சிவந்த கோடு, வார் அழுத்தினது போல. அவனிடம் சொல்லவில்லை. பயந்தவனை எதற்கு மேலும் பயமுறுத்துவது என்று இருந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலையில் க்ரூணா வந்தாள். அவன் என்னையும் கூடவே இருக்கச் சொன்னான். மேஜை மேல் இருந்ததைப் பார்த்ததும் அவள் கையிலிருந்த பை கீழே விழுந்தது.

"சேர்த்துட்டியா?"

அவன் எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். அவள் நின்றபடியே கேட்டாள். பிறகு நாற்காலியில் சரிந்து உட்கார்ந்து, அந்தத் துப்பாக்கியின் சங்கதியைச் சொன்னாள்.

அவள் தாத்தா இளவயதில் அதை வைத்து ஒருவனைச் சுட்டுக் கொன்றுவிட்டார். இரண்டு வீடுகளுக்கும் ரத்தப் பகை. ஊர்ப் பெரியவர்கள் கூடிச் சமாதானம் பேசினார்கள். எங்கள் மலையில் சமாதானம் என்றால் கைகுலுக்கல் இல்லை. கொன்றவன் அதே துப்பாக்கியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, எல்லார் கண்முன்னாலும் தவழ்ந்து, செத்தவன் வீட்டாரின் காலடிக்குப் போய், கடவுள் பேரால் 'ஏத்துக்கோ' என்று கெஞ்ச வேண்டும். அவர்கள் குனிந்து அவனைத் தூக்கி நிறுத்தி, துப்பாக்கியைக் கழற்றி, கன்னத்தில் முத்தமிட்டால்தான் ரத்தம் தீர்ந்தது. தாத்தா தவழ்ந்தார். செத்தவனின் தகப்பன் தூக்கி நிறுத்தினான். போல்ட்டை உருவித் தன் மகனுடைய கல்லறையில் வைத்தான். போல்ட் இல்லாத துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்தான், இனி இது யாரையும் கொல்லாது என்று.

"அந்தக் கல்லறை போல்ட்டு உன்கிட்ட எப்படி வந்துச்சு?"

ரதோயே விழித்தான். எனக்குச் சட்டென்று உறைத்தது. மேட்டு கிராமத்துக்குக் கீழே அணை கட்டினபோது, தண்ணீர் ஏறுவதற்கு முன்னால் அந்தப் பக்கத்துக் கல்லறைகளைத் தோண்டி மேட்டுக்கு மாற்றினார்கள். கூலிக்குத் தோண்டினவர்களில் ஒருவன் பழைய இரும்புக்காரன்.

"அக்கா, உங்க தாத்தாவுக்குக் கையில ரெண்டு விரல் இல்லையா?" என்று கேட்டேன்.

"அவருக்குப் பத்து விரலும் இருந்துச்சு. அவரைத்தான் தூக்கி நிறுத்தி முத்தம் குடுத்துட்டாங்களே. அவர் எதுக்கு வரணும்?"

ரதோயே போல்ட் கிடந்த தகர டப்பாவைத் திரும்பிப் பார்த்தான்.

"ஷ்செபான்" என்றான்.

 கல்லறையில் திருடின ஷ்செபானுக்கு மன்னிப்புக் கேட்கத் தவழ வேண்டியிருந்தது. கழுத்தில் மாட்ட முழுத் துப்பாக்கி இல்லாமல் இத்தனை வருஷம் காத்துக் கிடந்தான். அதை முழுசாக்கிக் கொடுத்தவன் ரதோயே, அதனால் அவன் காலடிக்கு வந்தான்.

"வந்தவனைத் தூக்கி நிறுத்தினியா?" க்ரூணா கேட்டாள்.

"உதைச்சேன்க்கா."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "மன்னிப்புக் கேட்டுக் காலடிக்கு வந்தவனை உதைச்சியா? இன்னிக்கு வந்தா தூக்கு. என்ன ஆனாலும் தூக்கி நிறுத்தி முத்தம் குடு. இல்லைன்னா அவன் எந்திரிக்க மாட்டான். நீயும்..."

 துப்பாக்கியை எடுத்துப் போகச் சொன்னோம். மறுத்துவிட்டாள். "நான் போல்ட்டு இல்லாத துப்பாக்கியைத்தான் விட்டுட்டுப் போனேன். இது என்னுது இல்லை. அது என்னிக்குக் கழண்டு வருதோ அன்னிக்குக் கூப்பிடு."

அன்று சாயங்காலம் நானும் ரதோயேயோடு உட்கார்ந்திருந்தேன். அவன் நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தான், சமாதானத்துக்குப் போகிறவன் போல. மணி அடித்தது. காத்திருந்தோம். தெருவில் மற்றக் கடைகள் எல்லாம் அடைக்கிறவரை காத்திருந்தோம்.

ஒன்றும் வரவில்லை.

"உதை வாங்கினவன் எப்படிடா வருவான்?" என்றான்.  "நான் போய்த்தான் கேக்கணும் போல இருக்கு."

அதுதான் உயிரோடு அவன் என்னிடம் பேசின கடைசிப் பேச்சு.

சனிக்கிழமை விடிந்ததும் கடை திறக்க வந்தேன். என் வாசற்படியில் ஒரு பனிக்குவியல். குவியலுக்குள் கோட்டு. கோட்டுக்குள் ரதோயே. முழங்காலிட்டு, நெற்றியை என் கதவில் முட்டிக்கொண்டு விறைத்திருந்தான். மாரடைப்பு என்றார் டாக்டர். இருக்கலாம். ஆனால் டாக்டர் தெருவைப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். அவன் வீட்டிலிருந்து என் கடைவரை பனியில் ஒரு தடம். இரண்டு பக்கமும் வட்ட வட்டமாக முழங்கால். நடுவில் ஒரு கோடு.

கேட்க வேண்டியவன் வராததால், என்னிடம் கேட்கத் தவழ்ந்து வந்திருக்கிறான். துப்பாக்கி பூட்டின கடைக்குள், மேஜை மேல்தான் இருந்தது.

எங்கள் வழக்கப்படி நான்தான் அவனுக்குக் கடைசிச் சவரம் செய்தேன். கால்சட்டை முழங்காலில் கிழிந்து தோல் தெரிந்தது. பிடரியில் அந்தக் கோடு கறுத்துப் பள்ளமாகியிருந்தது. ஸ்லாவ்கா அண்ணி பார்த்துவிடக் கூடாதென்று காலரை உயர்த்திப் பொத்தான் போட்டேன். மூலைக் கம்பத்தில் அவன் படம் போட்ட மரண அறிவிப்பை ஒட்டினதும் நான்தான். படத்தில் சிரித்துக்கொண்டிருந்தான். எனக்கு அழுகை வந்தது. ஒட்டின பசையோடு முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

அண்ணி கடையைக் காலி செய்தாள். "அந்தச் சனியன் என் வீட்டுப் படி ஏற வேண்டாம் ஒப்ரேன். அதுக்குச் சொந்தக்காரி வந்து எடுக்கறவரைக்கும் உங்க கடையில கிடக்கட்டும்" என்றாள். நான் எப்படி மாட்டேன் என்பேன்? துணி அலமாரிக்குள் நிறுத்தி வைத்தேன். அவனுக்காக நானும் சவரம் செய்துகொள்ளாமல் தாடி விட்டிருந்தேன்.

நாற்பதாம் நாள். கல்லறைக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்து, பூட்டலாம் என்று கடைக்கு வந்தேன்.

மணி அடித்தது.

டொக்...

பக்கத்துக் கடையில் இல்லை. என் கடையில்.

ஸ்ர்ர்... டொக்...

கண்ணாடியில் பார்த்தேன். கண்ணாடியில் ஒன்றும் இல்லை. கதவு, நாற்காலி, நான். அவ்வளவுதான்.

திரும்பினேன்.

தரையில் ஒரு பிடரி.

 ஓடத்தான் நினைத்தேன். கால் கதவுப் பக்கம் திரும்பியும்விட்டது.

ஆனால்... அந்தப் பிடரியில் முடி நேராக வெட்டியிருந்தது. இடது காதுக்குப் பின்னால் மட்டும் கொஞ்சம் ஏறியிருந்தது.

நான் வெட்டினது. அவன் தும்மினதால் கத்தரி வழுக்கின இடம்.

"ரதோயே..."

நெற்றி என் செருப்பின் மேல் பட்டது. சில்லிட்டது.

"ஏத்துக்கோ..."

குனிந்தேன். அக்குளுக்குக் கீழே கை கொடுத்தேன். கனம் இல்லை. குளிர் மட்டும்.

தூக்கினேன்.

முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கன்னத்தில் முத்தமிட்டேன். வழவழவென்று இருந்தது. நான் செய்த சவரம்.

கண்ணைத் திறந்தபோது என் கை காற்றைப் பிடித்துக்கொண்டிருந்தது. அலமாரிக்குள் ஏதோ விழுந்தது. க்ளிக்.

திறந்து பார்த்தேன். போல்ட் தானாகக் கழன்று கீழே கிடந்தது.

நான் கூப்பிட்டதும் மறுநாள் க்ரூணா வந்தாள். போல்ட்டைக் கைக்குட்டையில் முடிந்து, மேட்டுக் கல்லறைக்குக் கொண்டுபோய், பாதிரியாரை வைத்து அதே குழிக்குள் இறக்கினாள். நானும் ஒரு பிடி மண் போட்டேன். ஓக் ஆப்பைப் பழையபடி இறுக்கி, மெழுகு ஊற்றி, துப்பாக்கியைக் கம்பளியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனாள். இனி முழுத் துப்பாக்கி கிடையாது. யாரும் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வர முடியாது. ரதோயேயும் அதற்குப் பிறகு வரவில்லை. நிம்மதியாகத் தாடியை எடுத்தேன்.

இவ்வளவோடு முடிந்திருந்தால் நான் இதைச் சொல்லியிருக்கவே மாட்டேன்.

போன வாரம், ரதோயே இருந்த கடையில் செல்போன் ரிப்பேர் கடை போட்டிருக்கிற அனிட்ஸா என்ற பெண் என் வாசலில் வந்து நின்றாள். அவள் ரதோயேயைப் பார்த்ததே இல்லை.

"ஒப்ரேன் மாமா, சாயங்காலம் கோயில் மணி அடிச்சதும் நீங்க சுவத்துல தட்டறீங்களா?"

"எந்தச் சுவர்?"

"அதான் தெரியலை. தரையிலிருந்து வர்ற மாதிரியும் இருக்கு. என் மேஜை வரைக்கும் வந்துட்டு நின்னுடுது."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் தூக்கி நிறுத்தினது ரதோயேயை மட்டும்தான். உதைபட்ட ஷ்செபானை யாருமே தூக்கவில்லை. அவனைத் தூக்க வேண்டியவனை நான் மண்ணுக்குள் இறக்கிவிட்டேன். அவன் மாட்டிக்கொண்டு வந்த துப்பாக்கியையும் ஆப்பு வைத்து அடைத்து அனுப்பிவிட்டோம். தொடங்கின தவழல் முடியாமல், இப்போது வெறும் கழுத்தோடு வருகிறான்.

"தண்ணிக் குழாயில காத்து அடைச்சிருக்கும்மா. பயப்படாதே" என்றேன்.

அந்தக் கடையில் தண்ணீர்க் குழாயே கிடையாது.